நோன்புக் கஞ்சியில் ஒரு ஸ்பூன்

"நோன்புக் கஞ்சியில கலந்து குடுத்தா இந்தப் பவுடர் வேலை செய்யுங்களா தம்பி?"

வேலம்பாளையம் ஜிம்மில் இருந்த அத்தனை பேரும் எடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கட்டைப் பையிலிருந்து, தசைக்கு வலு ஏற்றுகிற கிரியேட்டின் பவுடர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு நின்றார் சபுரா பீவி. அவர் மகன் ஜாவித், தூணுக்குப் பின்னால் மறைய முடியுமா என்று பார்த்தான். முடியவில்லை.

அந்த அம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. மாவட்டப் பளுதூக்கும் போட்டியில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போயே தீருவேன் என்று ஜாவித் இந்த டப்பாவை வாங்கி வந்ததிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. ஒருநாள் பவுடரை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டான்; புரையேறி மூக்கு வழியாக வெள்ளை வெள்ளையாக வந்தது. மறுநாள் டீயில் போட்டான். அதற்கப்புறம் செல்போனில் யாரோ சொன்னார்கள் என்று மிட்டாய் வடிவில் வரவழைத்தான். அதை அவன் அத்தா அய்யூப் இருமல் மிட்டாய் என்று நினைத்துப் பாதியைத் தின்றுவிட்டார். கேட்டதற்கு, இருமல் குறையவே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

நோன்பு பிறந்ததும் சபுரா பீவி டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். பகலெல்லாம் காய்ந்து கிடக்கிற வயிற்றில் வெறும் பவுடரைக் கொட்ட விடமாட்டேன், கொடுத்தால் என் கையால் கஞ்சியில்தான் கலந்து கொடுப்பேன் என்பது அவர் கட்சி. சூட்டில் சத்தெல்லாம் செத்துப்போகும் என்பது மகன் கட்சி. பஞ்சாயத்து இப்போது பயிற்சியாளர் குணாவிடம் வந்து நிற்கிறது.

குணா முதலில் ஜாவித்துக்குக் கிட்னி கோளாறு எதுவும் உண்டா என்று விசாரித்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். வெறும் பவுடரை விழுங்கினால் புரையேறுவதுதான் மிச்சம். மிட்டாயில் சிலதில் டப்பாமேல் போட்டிருக்கிற அளவு உள்ளே இருப்பதில்லை. தண்ணீரில் கலந்தாலே போதும். டீயோ கஞ்சியோ, கலந்த கையோடு குடித்தால் பெரிதாக ஒன்றும் வீணாகாது.

"எதுல கலந்தா என்னங்கம்மா, தெனமும் ஒரு ஸ்பூன் உள்ள போனாச் சரி. போன உடம்புல அது வேலை செய்யும்" என்று முடித்தார்.

பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான் வேல்குமார். அடுத்த வீட்டு வேலுமணியின் மகன். ஒரே பனியன் கம்பெனியின் ஓவர்லாக் மெஷின் சத்தத்தில் இவனும் ஜாவித்தும் தூங்கி வளர்ந்தவர்கள். இப்போது ஒரே எடைப் பிரிவு. மாநிலப் போட்டிக்கு அந்தப் பிரிவில் ஓர் ஆளைத்தான் எடுப்பார்கள். வேல்குமார் வீட்டில் முருகனுக்கு நேர்ந்துகொண்டு கறியை விட்டுப் பல வருடமாகிறது. பவுடர் பக்கமும் போகமாட்டான். ஜாவித்தை இதுவரை ஒருமுறைகூட அவன் ஜெயித்ததில்லை.

"எனக்கு பீவிம்மா கஞ்சியே போதுங்க" என்றான் அவன். அதுவும் உண்மைதான். நோன்புக் கஞ்சி அந்த வீட்டுக்கும் போவதாலேயே சபுரா பீவி அதில் கறி போடுவதில்லை.

அன்று முதல் ஏற்பாடு நடந்தது. சாயங்காலம் கஞ்சி இறங்கியதும் முதலில் மொண்ட தூக்குப் போசியில், சூடு ஆறுவதற்குள் கரையட்டும் என்று, பவுடரைப் போட்டுக் கலக்குவார் சபுரா பீவி. அப்புறம் அடுத்த போசியையும் நிரப்பி வைத்துவிட்டு வடை சுடப் போவார். வேலை முடிந்து வரும் அய்யூப் பக்கத்து வீட்டுப் போசியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்வார். பாங்கு சொன்னதும் ஜாவித் தன் கஞ்சியை ஒரே மூச்சில் குடிப்பான்.

முதலில் முறுக்கிக்கொண்டிருந்தவன் போகப்போக அம்மாவின் பக்கம் சாய்ந்துவிட்டான். தண்ணீரில் போட்டால் அடியில் மணல் மாதிரி நிற்குமாம். கஞ்சியில் தடமே தெரியவில்லையாம். சபுரா பீவிக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்றவள் கலக்கினால் கரையாமல் போகுமா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார்.

பெருநாளுக்கு அடுத்த ஞாயிறு போட்டி. ஜாவித் இதுவரை தூக்காத எடையைத் தூக்கினான். வேல்குமார் அதற்கு மேலும் தூக்கினான்.

மேடையில் நண்பனைக் கட்டிப்பிடித்துச் சிரித்த ஜாவித், வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

"நான் அப்பவே சொன்னேனில்லம்மா, கஞ்சியில போட்டா வேலை செய்யாதுன்னு."

அவ்வளவுதான், சபுரா பீவிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிள்ளையின் வாய்ப்பைத் தன் பிடிவாதமே கெடுத்துவிட்டது என்று அவருக்கு மனசு ஆறவே இல்லை. அய்யூப் சேமியா பாயசத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் வேல்குமார் உள்ளே வந்தான். கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி சபுரா பீவியின் கையில் வைத்தான்.

"இது உங்களுக்குத்தான் பீவிம்மா. நான் பவுடரக் கையில தொட்டதில்லீங்க. உங்க கஞ்சி தூக்குன எடைதானுங்க இது."

அழுகையோடு அவன் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார் அவர். வேல்குமார் தயங்கி நின்றான்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாதுங்க. இந்த வருசம் அரிசிய சரியாக் களையலீங்களா? போசிக்கடியில தெனமும் நறநறன்னு இருந்துச்சுங்க. உங்க கையால காச்சுனதாச்சேன்னு மிச்சம் வைக்காம வழிச்சுக் குடிச்சுட்டேன்."

சபுரா பீவியின் அழுகை நின்றது. ஜாவித் மெல்லத் திரும்பி அத்தாவைப் பார்த்தான்.

"என்னைய எதுக்குடா பாக்கறே?" என்றார் அய்யூப், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே. "வருசா வருசம் மொதல்ல மொண்டு வெக்கற போசிதானே அவங்க ஊட்டுக்குப் போகும்?"