நான்கு தட்டுகள்

பெரிய கம்பெனி வெளியிடப்போகும் தங்கள் முதல் ஆல்பத்தை, சேவியர் தன் இசைக்குழுவினரோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்டான். மொத்தம் ஒன்பது பாட்டு. முதல் மூன்றும் கம்பெனி வருவதற்கு முன்பே பதிவானவை. அவற்றில் டிரம்ஸ் அவனுடையது. எந்த இடத்தில் கை முந்துகிறது என்பதுகூட அவனுக்குத் தெரியும். நான்காவது பாட்டின் தொடக்கத்தில், வழக்கம்போல இரண்டு குச்சிகளையும் நான்கு முறை தட்டித் தாளம் எடுத்துக் கொடுத்திருந்தான். அதற்கு அடுத்த அடியிலிருந்து வாசித்தது வேறு யாரோ. ஒரு பிசகும் இல்லை. கடைசிப் பாட்டு வரை அப்படித்தான் இருந்தது.

"மச்சான், கம்பெனிக்காரங்க மும்பைலேர்ந்து ஒரு ஆளை வரவச்சாங்க. சொல்லலாம்னுதான் இருந்தோம்," என்றான் பாடகன் கிருபா, தரையைப் பார்த்தபடி.

"அப்ப அந்த நாலு தட்டு?"

"அது உன்னுதுதான்டா. அதை மட்டும் அந்தாளு தொடலை."

யாரோ சிரித்தார்கள். சேவியரும் சிரித்தான்.

ஆல்பம் மேடும் பள்ளமுமாக இருப்பதாகப் பத்திரிகையில் எழுதினார்கள். முதல் மூன்று பாட்டில் தடுமாறும் டிரம்மர், நான்காவதிலிருந்து தேறிவிடுகிறாராம்.

அந்த வாரமே மேடை. நான்காவது பாட்டுக்குக் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. சேவியர் குச்சிகளை உயர்த்தி நான்கு முறை தட்டினான். கிதாரும் குரலும் சரியான இடத்தில் நுழைந்தன. பாடிக்கொண்டே கிருபா திரும்பிப் பார்த்தான். சேவியர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மும்பை ஆள் வாசிக்கத் தொடங்குவதற்காகக் காத்திருந்தான்.