இறங்காத கொழுப்பு

டாக்டர் சுந்தரராமனை அந்தப் பரிசோதனைத் தாள் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. சர்க்கரைக்கு வந்த புது மாத்திரையை அவரிடம் வாங்கிச் சாப்பிட்ட மற்ற பதினெட்டுப் பேருக்கும், சர்க்கரையோடு ரத்தத்தில் கொழுப்பு அமிலமும் இறங்கியிருந்தது. தி.நகர் ஜவுளிக்கடை நல்லசிவத்துக்கு மட்டும் சர்க்கரை இறங்கி, கொழுப்பு அமிலம் ஏறியிருந்தது. மூன்றே மாதத்தில் ஆளும் பாதியாகியிருந்தார்.

மாத்திரைதான் ஆளைத் தின்கிறதோ என்று பயந்து, கணவன் மனைவி இருவரையும் தன் மயிலாப்பூர் கிளினிக்குக்கு வரவழைத்தார்.

“என்னம்மா சமைச்சுப் போடறீங்க? ஒரே நெய்யா?”

“ரெண்டு வேளைச் சோத்தையும் காலையிலேயே கேரியர்ல கட்டிக் குடுக்கேன் டாக்டர். ஒரு பருக்கை மிச்சமில்லாமத்தான் திரும்பி வருது” என்றாள் சண்முகவடிவு.

“பட்டினி கிடந்தாலும் இந்தக் கொழுப்பு ஏறும். நல்லசிவம், உண்மையைச் சொல்லுங்க. மாத்திரை போடறீங்களா?”

“வெறும் வயித்துல போட்டா மயக்கமா வருது. நிறுத்திட்டேன்.”

“வெறும் வயிறா? அப்போ கேரியர்?”

நல்லசிவம் மனைவியைப் பார்க்காமல் சொன்னார்.

“திருவல்லிக்கேணிக்குப் போவுது. நம்ம தங்கத்துக்கு. பணம் குடுத்தா வாங்க மாட்டேங்கா. மசக்கையில இவ கைச் சோறு ஒண்ணுதான் அவ வயித்துல நிக்குது. அவ போன நாள்லேருந்து எனக்கு எதுவும் இறங்கல.”

சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்ட மகளைச் செத்துவிட்டதாகச் சொல்லித் தலைமுழுகியவள் சண்முகவடிவு. அவள் கத்தப்போகிறாள் என்று நினைத்து டாக்டர் எழுந்தார்.

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கணவனிடம் கேட்டாள்.

“எத்தனை மாசம்?”