கறார் எழுதிய ஷரத்து

“முதல் தடவை அந்த வசதி ரெண்டாவது வரியில இருந்ததே, இப்ப எங்கம்மா போச்சு?”

திரையில் இருந்த, மென்பொருளில் இனி வரப்போகும் வசதிகளின் பட்டியலைச் சுட்டிக்காட்டிக் கேட்டார் கறார். அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்கும் நிறுவனத்தின் திட்ட மேலாளர் அவர். கறார் என்பது அலுவலகம் வைத்த பெயர். அவருக்கும் அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

“அது கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு சார்,” என்றார் எதிரே நின்ற மென்பொருள் நிறுவனத்துப் பெண்மணி.

மேசையின் தலைப்பக்கத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய மருமகன்.

கட்டட வேலைகளை வரிசையாக நடத்த ஒரு மென்பொருள் வேண்டும் என்று கறார் பல மாதங்களாக அலையாய் அலைந்துகொண்டிருந்தார். குழாய்க்காரர் வருவதற்குள் டைல்ஸ்காரர் வந்து தரையை ஒட்டிவிட்டுப் போவார். அப்புறம் அதை உடைக்க வேண்டும். இந்தக் கூத்து ஒவ்வொரு மாடியிலும் நடந்தது.

ஏற்கெனவே அவர் தேர்ந்தெடுத்த ஒரு மென்பொருள், வாங்கிய சூடு ஆறுவதற்குள் அதை விற்ற கம்பெனியோடு சேர்ந்து காணாமல் போயிருந்தது. இந்தத் தடவையும் சொதப்பினால் அவருடைய நாற்காலி மருமகனுக்கு. முதலாளி அதை மூடி மறைக்காமல் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

பார்த்ததில் இந்தப் பெண்மணி காட்டியதுதான் உருப்படி. குழாய் வேலை முடிந்ததாகக் குறிக்காமல் டைல்ஸ் வேலையைத் தொடவே விடாது. ஒரே குறை, சிக்னல் இல்லாத இடத்தில் படுத்துவிடும். அடித்தளத்தில் நிற்கும் மேஸ்திரி ஒவ்வொரு தடவையும் படியேறி வந்தா குறித்துக்கொண்டிருப்பார்?

முதல் தடவை கேட்டபோது, சிக்னல் இல்லாமலும் ஓடும் வசதி அடுத்த காலாண்டில் வந்துவிடும் என்றார் பெண்மணி. இரண்டாவது தடவை அதைக் காணோம். அந்த இடத்தில், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு அதுவும் போய், பழைய வசதி கடைசி வரிக்குக் குடிபெயர்ந்திருந்தது. மேலிடத்தில் ஆள் மாறினால் திட்டமும் மாறிவிடுகிறது, தன் கையில் ஒன்றுமில்லை என்று அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

கறார் பிடித்துக்கொண்டார்.

வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டாமா, உங்கள் ஆபீசில் யார் வந்தால் யார் போனால் வாங்குகிறவனுக்கு என்ன, உங்களை நம்பி நாங்கள் காத்துக்கிடப்போம், நீங்கள் நோகாமல் தேதியைத் தள்ளிக்கொண்டே போவீர்களா என்று காய்ச்சி எடுத்தார். முதலாளி தலையாட்டினார். வேறு வழியில்லாமல் மருமகனும் ஆட்டினார். கறாருக்கு அதுவே பாதி வெற்றி.

மீதிப் பாதிக்கு, தானே உட்கார்ந்து எழுதிய ஷரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சொன்ன தேதியில சொன்னது கைக்கு வரணும். வரலைன்னா, வர்ற வரைக்கும் வாங்கினவங்களுக்கு ஆகிற செலவு வித்தவங்களோடது. ஆள் மாறிட்டாங்க, திட்டம் மாறிடுச்சுன்னு எந்தச் சாக்கும் செல்லாது. சம்மதம்னா வாங்கறோம். இல்லைன்னா நீங்க கிளம்பலாம்.”

பெண்மணி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தாளையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கையை வீசி வீசிப் பேசுவது தெரிந்தது. மறுமுனையில் யாரோ முரண்டு பிடிக்கிறார்கள், இவர் விடுவதாக இல்லை. இப்படி ஒரு ஷரத்துக்கு எந்தக் கம்பெனி தலையைக் கொடுக்கும் என்று மருமகன் முணுமுணுத்தார். கறாருக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பெண்மணி திரும்பி வந்தார்.

“சம்மதிச்சுட்டாங்க சார். தேதியும் போட்டுட்டாங்க. இனிமே அவங்களே நினைச்சாலும் அந்த வசதியைத் தள்ள முடியாது.”

சொல்லி வாய் மூடுவதற்குள் கையெழுத்திட்ட நகல் கறாரின் மின்னஞ்சலில் வந்து விழுந்தது.

முதலாளி எழுந்து வந்து கறாரின் தோளைத் தட்டினார். வாங்கினால் இப்படி வாங்க வேண்டும் என்று மருமகனைப் பார்த்துச் சொன்னார். கறாருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்காலி பிழைத்தது மட்டுமா, இந்த ஊரில் யாரும் வாங்காத ஒப்பந்தத்தையல்லவா வாங்கியிருக்கிறார்!

சந்தோஷம் தாங்காமல் பெண்மணியிடமே கேட்டார்: “நீங்க எத்தனையோ ஒப்பந்தம் பாத்திருப்பீங்க. உண்மையைச் சொல்லுங்க, எப்படி இருக்கு?”

“இவ்வளவு நியாயமா நான் பாத்ததே இல்லை சார். அதான் வரவேற்பறையில சொல்லி இன்னொரு பிரதி எடுத்துக்கிட்டேன்.”

ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். வார்த்தைக்கு வார்த்தை அதே ஷரத்து. விற்பவர் என்ற இடத்தில் மட்டும் மென்பொருள் நிறுவனத்தின் பெயரை அடித்துவிட்டு, பேனாவால் கறாருடைய நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தது. வாங்குபவர் என்ற இடத்தில் பெண்மணியின் பெயர்.

“என்னம்மா இது?”

“உங்க கட்டடத்துல நாலாவது மாடி வீடு என்னோடதுதான் சார். எப்ப வந்து கேட்டாலும் அடுத்த காலாண்டுல சாவின்னு சொல்லி அனுப்பறாங்க. ஒரு தடவை மேஸ்திரி மாறிட்டார்னாங்க, ஒரு தடவை திட்டமே மாறிடுச்சுன்னாங்க. நீங்களும் ஒரு தேதி போட்டுக் கொடுத்துட்டா, அதுக்கப்புறம் சாவி வர்ற வரைக்கும் என் வாடகையை நீங்க பாத்துக்குவீங்க.”

முதலாளி தாளை வாங்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

“நீங்க எழுதினதுதானே,” என்றார் கறாரிடம். “போடுங்க.”

கறார் போட்டார். கையெழுத்துதான் கொஞ்சம் கோணலாக விழுந்தது.