பூக்காத பனிரோஜா

வாசலில் போலீஸ்காரர் கோர்பினியன் நிற்பதைக் கண்டதும் ரோஸ்விதா கதவைப் பாதி மட்டும் திறந்தாள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்டேர்ந்து ஏதாவது தகவல் வந்துதாக்கா?"

"இல்லியே தம்பி. அக்டோபர்ல வியன்னாவுக்கு வேலைக்குப் போறேன்னு கிளம்பின மனுஷன்தான். ஒரு கடுதாசிகூட இல்ல."

"கை எலும்பு கூடிடுச்சா? மூணாவது தடவையா படியில விழுந்துட்டேன்னு சொன்னீங்களே."

"ம்... கூடிடுச்சு."

அவர் பார்வை தோட்டத்துக்குப் போனது. வேலியோரம் நெடுக, குளிர்காலத்தில் மட்டும் பூக்கும் பனிரோஜா உறைபனியைக் கீறிக்கொண்டு வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. ஆப்பிள் மரத்தடிப் பாத்தியில் மட்டும் ஒரு மொட்டுகூட இல்லை.

"இது மட்டும் ஏன் பூக்கல?"

"மண்ணு சரியில்ல போலிருக்கு."

"மண்ணு மேல பழி போடாதீங்க. பனிரோஜா ரோஷக்காரச் செடிக்கா. வேரைத் தோண்டித் திரும்ப நட்டா, மூணு வருஷத்துக்குக் கோவிச்சுக்கிட்டுப் பூக்காது."

கோர்பினியன் விடுவிடுவென்று கொட்டகைப் பக்கம் நடந்தார். மண்வெட்டியோடுதான் வரப்போகிறார் என்று அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மெல்லத் திறந்தபோது, குளிருக்குச் சாதாரண ரோஜாச் செடிகளை மூட அவள் வெட்டி வைத்திருந்த ஊசியிலைக் கிளைகளை, அந்தப் பாத்தி தெரியாதபடி அவர் பரப்பிக்கொண்டிருந்தார்.

"மூணு குளிர்காலமும் இப்படியே மூடி வைங்க. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தம்பி...?"

கையுறையில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"எங்கம்மாவும் இப்படித்தான் மூடி வெச்சாங்க. எங்கப்பா வியன்னாவுக்கு வேலைக்குப் போன வருஷத்துலேர்ந்து."