மத்தியானத்துக்குள் ஓடணும்

"எஸ்டேட் ஆபீசுல கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டருங்க இது. இதுக்கா என்னையச் சேலத்துல இருந்து மாரமங்கலத்துக்கு வரச் சொன்னீங்க?" என்றான் மெக்கானிக் சென்றாயன்.

"எம்பையன் வேலை பார்த்த பெட்டி. மத்தியானம் அவன் சாப்புடறதுக்குள்ள ஓடணும் கண்ணு" என்றாள் தங்கம்மா.

திரைக்குக் கீழே, பிளாப்பி போடும் வாயைக் கழற்றினான். உள்ளே காய்ந்த சர்க்கரைப் பொங்கல்.

"பேரப்புள்ள ஊட்டி உட்டுச்சுங்களா?" என்று சிரித்தான்.

"நாந்தான் கண்ணு, போன வருசத் திதிக்கு. அதுலருந்து மொகங் காட்ட மாட்டேங்கறான்."

சுத்தம் செய்து சுவிட்சைப் போட்டான். பச்சைப் புள்ளிகளாய் ஓர் இளைஞனின் முகம் எழுந்தது.

"அவனே வரைஞ்சது. ஊட்டுல வேற போட்டோ இல்ல."

படையலுக்கு அவள் கையில் வைத்திருந்த வாழை இலையை வாங்கி, சென்றாயன் திரைக்கு முன்னால் விரித்தான்.

"இங்க வெச்சாலே போதுங்கம்மா. சாப்புட்டுக்குவாப்ல."