கரிநாக்கு

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. இதுல நீ பிளேன் ஓட்டப் போறியாக்கும்?"

காலையில் கனிஷ்கா ஸ்கூட்டியைக் கிளப்பும்போது, எதிர்வீட்டு நவநீதன் தலையைச் சீவிக்கொண்டே கேட்ட கேள்வி இது. அறுபதைத் தாண்டியும் சுருள் சுருளாக நிற்கும் அந்த முடியின் மேல் மனிதருக்கு அப்படி ஒரு பெருமை. சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் சீப்பு இருக்கும்.

"அம்மி பறக்கிறப்ப பிளேன் பறக்காதா மாமா?" என்று சிரித்துவிட்டுப் போனாள் கனிஷ்கா.

மதியத்துக்குள் செய்தி வந்துவிட்டது. தரையிறங்கும் நேரத்தில் பக்கவாட்டுக் காற்று தூக்கி அடித்ததில், அவள் ஓட்டிய பயிற்சி விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் பாய்ந்துவிட்டதாம்.

அம்மா ஆனந்தவள்ளி அடித்துப் பிடித்து ஆட்டோவில் ஓடினாள். விமானத்துக்கு ஒரு சக்கரம் போயிருந்தது, இறக்கை மடங்கியிருந்தது. மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

"இந்தக் காத்துல பதறாம நிறுத்தினதே பெரிசும்மா. புதன்கிழமை மறுபடி வரட்டும்" என்றார் பயிற்சியாளர்.

"அவ வரமாட்டா சார்."

மகளைக் கையோடு ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள்.

அம்மா மண்டபம் படித்துறைக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த சந்தே திரண்டு வந்து விசாரித்தது. ஆளாளுக்குத் திருஷ்டி கழித்தார்கள். எதிர்வீட்டுக் கதவு மட்டும் பூட்டியே கிடந்தது.

"எல்லாம் அந்த மனுஷனோட கரிநாக்கு. காலைல வாய வெச்சாரு, மத்தியானம் விழுந்துச்சு. வந்து பாக்கக்கூட முகமில்ல!" என்று பொரிந்தாள் ஆனந்தவள்ளி.

"விழலம்மா, சறுக்குச்சு." கனிஷ்காவின் கண் கலங்கியிருந்தது, சிராய்ப்புக்காக அல்ல. "புதன்கிழமை ஒரே ஒரு தடவை போயிட்டு வரேம்மா. இப்ப விட்டா அப்புறம் பயம் ஒட்டிக்கும்."

"மூச்சு விடாத!"

பொழுது சாயும்போது நவநீதன் வாசலில் வந்து நின்றார். தலை, காது எல்லாம் மூடி மப்ளர்.

"என்ன பாப்பா, நான் அப்பவே சொன்னேன்ல?"

ஆனந்தவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, தெருவே வந்து பாத்துட்டுப் போயிடுச்சு. எதிர்வீட்டுல இருந்து வர உங்களுக்கு இவ்ளோ நேரமா? வந்ததும் வராததுமா குத்திக் காட்டுறீங்க! அதென்ன, திருச்சி வெக்கையில மப்ளரு?"

"காத்து காதுல ஏறுதும்மா."

ஆடிக் காற்றுக்கு அது கேட்டுவிட்டது போலும். ஒரே சுழற்றாகச் சுழற்றி மப்ளரைப் பிடுங்கிக்கொண்டு போனது.

உள்ளே, சந்தனம் பூசிய மொட்டை!

"மாமா! சமயபுரமா?" கனிஷ்கா துள்ளிக் குதித்துவிட்டாள். "மாமன் மடியில மருமகளுக்கு மொட்டை போட்டுப் பாத்திருக்கேன். மருமகளுக்காக மாமனே போட்டுக்கிட்டு இப்பதான் பாக்குறேன்!"

நவநீதனின் கை பழக்கதோஷத்தில் சீப்பைத் தேடிவிட்டு, வெட்கத்தோடு மண்டையைத் தடவிக்கொண்டது.

ஆனந்தவள்ளி படியிறங்கி அவர் அருகே வந்தாள். "இவ உசுரோட வரணும்னா வேண்டிக்கிட்டீங்க?"

"அதுக்குத் தேங்காய் உடைச்சாச்சு. மொட்டை வேற விஷயம்."

"வேற என்ன?"

"இனிமே நீ இவள அனுப்பமாட்டேன்னு எனக்குத் தெரியாதா? மறுபடி இவ பிளேன் ஏறணும்னு வேண்டிக்கிட்டு, முடிய முன்கூட்டியே குடுத்துட்டேன். நீ அனுப்பலேன்னா ஆத்தாகிட்ட போயி அதத் திருப்பியா கேக்க முடியும்?"

ஆனந்தவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டு வந்தது.

"ஏண்டி, புதன்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"