இரவல் ஆட்டக்காரன்

"இதுல உங்க பையன் யாரு?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

சண்முகவேலும் அவனைத்தான் தேடிக்கொண்டிருந்தார். மகன் ஆடும் தி.நகர் அணிக்குச் சிவப்புச் சட்டை. அந்தச் சிவப்புச் சட்டைகளை எல்லாம் அவர் இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. மகன் ராம்குமார் அதில் இல்லை. மயிலாப்பூர்க்காரர்களின் நீலச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தான்.

"அந்தா, நீலச் சட்டை. நெட்டையா ஓடுதானே, அவன்தான்."

"அடடே, நம்ம மயிலாப்பூரா?"

"இல்ல. தி.நகர்."

அவர் சிரித்துவிட்டார். பெயர் ராமானுஜம். மகன் குருபிரசாத் மயிலாப்பூர் அணியில் ஆடுகிறானாம்.

"ஓ, இரவல் வந்த பிள்ளை உங்க பிள்ளைதானா? இன்னிக்கு அறுபத்துமூவர் உற்சவம் இல்லையா, எங்க பசங்கள்ல ஒருத்தன் மாட வீதிக் கூட்டத்துல மாட்டிண்டுட்டான். ஆள் குறைஞ்சா எதிர்க்கட்சியிலேர்ந்து ஒருத்தரை வாங்கிக்கலாமாம். இந்த ஆட்டத்துல அது வழக்கமாம்."

மெட்ராஸ் அப்போதுதான் சென்னையாகியிருந்தது. வாய்க்கு இன்னும் பழகவில்லை. கையில் போன் இல்லாத காலம். ஒருத்தன் வரவில்லை என்றால் வரவில்லைதான், ஏன் என்று மறுநாள் தெரியும். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த அந்த ஊரில், முட்டை மாதிரி ஒரு பந்தைக் கட்டிக்கொண்டு ஓடும் ரக்பியை ஆட அங்கொருவர் இங்கொருவராகத்தான் பையன்கள் கிடைப்பார்கள். பார்க்க வருகிறவர்களோ அவர்களைப் பெற்றவர்கள் மட்டும்தான். ஆட்டம் நடந்த அடையாறு மைதானத்தில் புல்லைவிட நெருஞ்சி அதிகம். முழங்காலெல்லாம் ரத்தமாக வீட்டுக்குப் போன அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் ஆடியவர்களுக்கு இன்றைக்கும் மனசு ஏங்கத்தான் செய்கிறது.

அன்றைக்குச் சண்முகவேல் ஏங்குகிற நிலையில் இல்லை. பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு.

ரங்கநாதன் தெருவில் துணிக்கடை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டு டி.வி.எஸ். வண்டியை மிதித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருந்தது. மகனிடம் அவர் ஒரு பேச்சுப் பேசியிருந்தார். "இந்தக் கோப்பையை உன் டீம் ஜெயிச்சா இன்னும் ஒரு வருஷம் ஆடிக்க. தோத்தா காலையில இருந்து கடைக்கு வந்துரணும்."

இப்போது எதிரணிக்கு ஒருத்தனைக் கழித்துவிட வேண்டும் என்றதும் பயிற்சி தரும் மாஸ்டர் கண்ணில் இவன்தானா பட்டான்?

கடைசி நிமிடம். மயிலாப்பூர் பன்னிரண்டு, தி.நகர் பத்து. தி.நகர் கேப்டன் ஷரீஃப் பந்தோடு பிய்த்துக்கொண்டு வந்தான். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி, கோப்பை தி.நகருக்கு. நடுவில் நின்றது ராம்குமார் ஒருத்தன்தான்.

"விட்டுருல," என்றார் சண்முகவேல். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். ராமானுஜம் காதில் விழாத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ராம்குமார் விடவில்லை. பாய்ந்து இடுப்பைக் கட்டிச் சாய்த்தான். பந்து நழுவி உருண்டது. விசில் ஊதிவிட்டார்கள்.

நீலச் சட்டைகள் ராம்குமாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடின. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன், "கூட இருந்துக்கினே கவுத்துட்டான் மச்சி," என்று முனகியபடி போனான். சண்முகவேலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ராம்குமார் மூச்சு வாங்க அப்பாவிடம் வந்தான். மூக்கு நுனியில் மண்.

"தோத்துட்டோம்பா. காலையில கடைக்கு வந்துடறேன்."

"வந்து சேரு," என்றார். அதற்கு மேல் பேசினால் அடித்துவிடுவோம் என்று அவருக்கே பயம்.

அவன் முகம் கழுவக் குழாயடிக்குப் போனான். மாஸ்டர் இனாயத் பந்துப் பையோடு அந்தப் பக்கம் வந்தார். சண்முகவேல் மறித்துக்கொண்டார்.

"ஏன் சார், கழிச்சு விடுததுக்கு எம் பயதான் கெடைச்சானா?"

"இன்னா அண்ணாச்சி, நானா அனுப்புனேன்? மயிலாப்பூர்ல ஆறு பேருதான் வந்தானுங்க, நம்மகிட்ட எட்டு பேரு. ஏழு பேர் இல்லாங்காட்டி ஆட்டமே கெடையாது. ஆடாமலே கப்பு எங்களுக்குத்தான். பசங்க எல்லாம் குதிக்கிறானுங்க. உங்க புள்ள மட்டும் சட்டையைக் கழட்டிட்டு, 'நான் அந்தப் பக்கம் ஆடறேன் சார்'னு வந்து நிக்கறான்."

சண்முகவேலுக்கு விளங்கவில்லை. "ஜெயிச்சா ஒரு வருஷம் ஆடலாம்னு நான் அவன்கிட்ட சொல்லியிருந்தேன்லா?"

"அதையும் சொன்னான். கெடைச்ச கப்பை ஏன்டா வுடறேன்னு நானே திட்டுனேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

இனாயத் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"'எங்கப்பா கடையை விட்டுட்டு முதல் தடவையா நான் ஆடறதைப் பார்க்க வர்றாரு சார். ஆட்டமே இல்லைன்னு அவரை எப்படித் திருப்பி அனுப்பறது'ன்னான்."

குழாயடியில் ராம்குமாரும் ஷரீஃபும் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சண்முகவேல் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அடுத்த ஆட்டம் என்னைக்கு சார்?" என்று மட்டும் கேட்டார்.